முப்பத்தாறு பாக்கெட்

கூடையில் பத்தாவது பாக்கெட் விழுந்தபோதுதான் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்த பிஸ்கட்டை ஒரே ஆள் பத்து பாக்கெட் எடுத்ததாக அவர் கடையில் சரித்திரமே கிடையாது. ஒரு வாரத்துக்குப் பத்து போனாலே பெரிய விஷயம்.

எடுத்துக்கொண்டிருந்தது ஒரு பெண். கீழ்த்தட்டுக்கு முன்னால், ஃபினாயில் பாட்டில்களுக்குப் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் பாதிக்கு மாஸ்க். ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பி, பின்பக்கம் அடித்திருந்த தேதியைப் பார்த்துப் பார்த்துக் கூடையில் போட்டாள். மூன்றை மட்டும் வேண்டாம் என்று திரும்ப வைத்தாள்.

மாஸ்க் போட்டால் ஆள் அடையாளம் தெரியாது என்று யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ. கடைக்காரருக்கு அந்தக் கண்களை நன்றாகவே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு தட்டில் பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டு வந்து, ஒன்றே ஒன்று சாப்பிட்டுப் பாருங்கள் என்று இதே கடையில் கெஞ்சி நின்றவள். அந்த பிஸ்கட்டைத் தயாரிப்பவரின் மனைவி.

அவருக்குச் சமாச்சாரம் சட்டென்று புரிந்துபோனது. போன வாரம்தான் அவள் புருஷனிடம் போனில் கறாராகச் சொல்லியிருந்தார். மாசக் கடைசிக்குள் சரக்கு போகவில்லை என்றால் அந்த இடம் வேறு கம்பெனிக்கு.

அவர் மேலும் தப்பில்லை. பெரிய கம்பெனிக்காரன் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்கிறான். கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். போதாக்குறைக்கு, இனிப்பு பிஸ்கட் என்றால் ‘சர்க்கரை அதிகம்’ என்று முன்பக்கம் சிவப்பில் போட வேண்டுமாம், புதுச் சட்டம். பெரியவன் பளபளவென்று புது உறையே அடித்துவிட்டான். இவர்களோ வீட்டில் உட்கார்ந்து கையால் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், அதுவும் கோணல்மாணலாக. அதைப் பார்த்துவிட்டு எலி மருந்தோ என்னவோ என்று ஜனங்கள் தள்ளிப் போனார்கள்.

மற்ற கடைகளெல்லாம் எப்போதோ கைகழுவியாயிற்று. இந்தக் கடையும் கைவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, வேலை செய்யும் ஏழு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று புருஷன் போனில் குரல் உடைந்து சொன்னார். அதற்குத்தான் இந்த மாஸ்க் வேஷம். தன் சரக்கைத் தானே வாங்கி, விற்றுப்போனதாகக் காட்டுகிறாள்.

கடைக்காரருக்குக் கோபம் வந்தது. அப்புறம் பாவமாக இருந்தது.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள். திங்கட்கிழமை இது மொத்தம் எத்தனை பாக்கெட் வந்தது என்று கேட்டாள். முப்பத்தாறு என்றார். அவள் எண்ணினாள். இருபத்தெட்டுதான் இருந்தது. திரும்பவும் கீழ்த்தட்டுக்கு ஓடி, ஃபினாயில் பாட்டில்களை நகர்த்திப் பின்னால் எல்லாம் கைவிட்டுத் துழாவிவிட்டு வந்தாள். மீதி எட்டு உள்ளே எங்காவது இருக்கிறதா என்று கேட்டபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

இதற்கு மேல் தெரியாத மாதிரி நடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

“மாஸ்க்கை எடுத்துட்டே பேசும்மா. நீ யாருன்னு எனக்குத் தெரியும்.”

அவள் மாஸ்க்கை இறக்கினாள். முகம் வெளுத்துக் கிடந்தது. சொந்தச் சரக்கைச் சொந்தக் காசு போட்டு வாங்கி எத்தனை நாளைக்கு ஓட்டுவீர்கள், இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே போனார். அவர் சொன்னதற்கெல்லாம் அவள் அவசரமாகத் தலையாட்டினாள்.

“ஆமாண்ணா. அதுக்காகத்தான் வாங்குறேன். வேற ஒண்ணும் இல்ல.”

அவருக்கு மனசு இளகிப்போனது. அந்த இடத்தை யாருக்கும் தரப்போவதில்லை, பாக்கெட்டையெல்லாம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போ என்றார். அவள் கூடையை விடவில்லை. இருபத்தெட்டுக்கும் பில் போடச் சொன்னாள். அந்த எட்டு எங்கே என்று மறுபடியும் கேட்டாள்.

கடைக்காரர் சிரித்தார். நல்ல சேதியைக் கடைசியில் சொல்லலாம் என்று இவ்வளவு நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார் மனுஷன்.

“எட்டும் வித்துப்போச்சும்மா. உங்களுக்கு நல்ல காலம் பொறந்தாச்சு.”

எதிரில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதல்லவா, அங்கிருந்து ஆயா காலையில் வந்தாளாம். புதிதாக ஒரு குழந்தை சேர்ந்திருக்கிறதாம். வேர்க்கடலை ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடுமாம், போன தடவை பிழைத்ததே பெரிய பாடாம். கடையில் இருக்கும் பிஸ்கட்டையெல்லாம் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு ஆயா வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாளாம். கடைசியில் இவர்தான் குனிந்து இதை எடுத்துக் கொடுத்தாராம்.

“வேர்க்கடலை துளியும் கிடையாதுன்னு இவ்வளவு பெரிசா வேற எவன் போட்டிருக்கான்? பதினோரு மணிக்குப் பாலோட குடுப்பாங்களாம். இனிமே தினமும் வேணும்னு சொல்லிட்டுப் போனாம்மா.”

அவள் சிரிக்கவில்லை. அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. கூடை கையிலிருந்து நழுவி, பாக்கெட்டுகள் தரையெல்லாம் சிதறின. காசு கொடுக்கக்கூட நிற்காமல் அவள் வாசலைப் பார்த்து ஓட, இத்தனை நல்ல சேதி சொல்லியும் என்னம்மா ஆச்சு என்று கடைக்காரர் எழுந்தார்.

“இந்தத் தேதி மாவுல வேர்க்கடலை கலந்துருச்சுண்ணா.”