உச்சியில் நின்ற சூரியன்

சிரிப்பு உண்டு, சத்தியம்! ஆனால் அவசரப்படாதீர்கள், முதலில் ஒரு பல்லி அசையாமல் நிற்க வேண்டும்.

கோளரங்கத்துக் கூரையில் அந்தப் பல்லியும் மைனாவாகிய நானும்தான் குடியிருக்கிறோம். வாசல் விளக்கில் ஈசல் மொய்த்தால் எப்போதும் அவன்தான் முந்துவான். அன்று மாலை மழை விட்டதும் ஈசல் கிளம்பியது.

உள்ளே பேச்சாளர் அம்மா, "முதலில் பூமியே நடுவில் என்றார்கள். பிறகு சூரியன்தான் நடுவில் என்று கண்டார்கள்" என்றார். கூரையெங்கும் ஒளிக்கோள்கள் சுழன்றன. பல்லி சரியாக உச்சியில் இருந்தான்.

நான் இடுக்கிலிருந்து அவர் குரலிலேயே, "அன்பர்களே, அதோ உச்சியில் இருப்பவரே சூரியன்! அவர் அசைந்தால் பூமி விழுந்துவிடும்!" என்றேன்.

"ஐயையோ, நானா?" பல்லி வாலைக்கூட ஆட்டவில்லை. "டேய் மைனா, எனக்கும் ரெண்டு ஈசல் கொண்டு வாயேன்."

"சூரியன் எங்கயாவது ஈசல் தின்னுமா அண்ணே? நீங்க உலகத்தைப் பாருங்க!"

வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திரும்பினேன். அம்மா முடித்துக்கொண்டிருந்தார்: "சூரியனும் சும்மா நிற்பதில்லை. கோள்கள் இழுக்க இழுக்க, அதுவும் லேசாக ஆடுகிறது."

பல்லி மெதுவாக ஒரு காலைத் தூக்கினான். பூமி விழவில்லை. என் அலகில் ஒட்டியிருந்த ஈசல் இறகைப் பார்த்தான்.

"அடப்பாவி! கோள் எங்கடா என்னைச் சுத்துச்சு? நீதான் என் காதுல பூ சுத்தியிருக்க!"