கம்பெனி பேரைக் கொட்டை எழுத்தில் போடு

"நன்றி கெட்ட பொண்ணும்மா நீ."

பரமசிவம் போட்ட சத்தத்தில், கையுறை வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நிவேதிதா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஹெல்மெட், பூட்ஸ், இடுப்புப் பட்டை என்று கட்டுமான வேலைக்கான பாதுகாப்புச் சாமானைத் தன் கம்பெனி முத்திரையோடு விற்று மேலே வந்தவர் பரமசிவம். கல்விக்கு வாரி வழங்குகிறவர் என்று பெயர். அந்தப் பெயரை ஊருக்குள் அதிகம் சொன்னவரும் அவர்தான். கொடுக்கிற காசோலை ஒரு சாண் இருக்கும். மேடையில் மாணவர்களோடு சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்கிற அட்டைக் காசோலை ஆறடி.

நிவேதிதா பொறியியலில் பிஎச்டி மாணவி. வருஷக் கணக்கில் வெயிலில் கிடந்தாலும் வெடிக்காத, எடை குறைந்த ஒரு புதுப் பொருளில் ஹெல்மெட் ஓடு செய்வதுதான் ஆராய்ச்சி. பல்கலைக்கழகம் கொடுத்த நான்கு வருட உதவித்தொகை போன மாதத்தோடு தீர்ந்துவிட்டது. முடிக்க இன்னும் ஆறு மாதம் வேண்டும். அந்த ஆறு மாதத்துக்குப் பரமசிவம் அறக்கட்டளையின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குகிற மாதிரி பேரம் பேசினார் மனிதர். ஆறு மாதம் எதற்கு, நாலில் முடி என்றார். ஹெல்மெட்டை இடித்துப் பார்க்கிறது மெஷின்தானே லா, நீ எதுக்குப் பக்கத்தில் நிற்கிறாய் என்று கேட்டார். அவளும் இறங்கவில்லை. கடைசியில் ஆறுக்கே சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு. ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் 'பரமசிவம் சேஃப்டி' என்று கம்பெனி பேர் கொட்டை எழுத்தில் வர வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டு நன்றி சொல்கிறேன், கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம் என்றாள் அவள். மூன்று வாரமாக இதே இழுபறி. அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 'படிச்ச திமிர்' என்று போட, ஏழு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள்.

"காசு மட்டும் இனிக்குது, கம்பெனி பேரு கசக்குதா?" என்று மறுபடி கத்தினார் பரமசிவம்.

"உள்ளே வச்சு ரெண்டு நிமிஷம் பேசலாமா சார்?"

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் சொன்னாள். தன் ஹெல்மெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க, கடைகளில் விற்கிற நாலு கம்பெனி ஹெல்மெட்டுகளை வாங்கியிருக்கிறாள். ஒரு வருஷ வெயிலை மெஷினில் காட்டிவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் உயரத்திலிருந்து எடையைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அறிக்கையில் கம்பெனி பெயரை எழுதுவதில்லை; ஏ, பி, சி, டி என்று குறிப்பதுதான் வழக்கம். மூன்று தாக்குப் பிடித்தன. சி மட்டும் முதல் அடியிலேயே பிளந்தது. பத்து ஹெல்மெட்டைச் சோதித்ததில் பத்தும்.

"அந்த சி யாரு?"

"நீங்கதான் சார். முதல் பக்கத்துல உங்க கம்பெனி பேரைப் பார்க்கிறவன், அந்த நாலுல இவர் எதுன்னுதான் முதல்ல கேப்பான். அதான் வேண்டாம்னேன். சரக்கை நீங்களே கடையிலேருந்து எடுத்துடுவீங்கன்னு நேர்ல சொல்ல வந்தேன்."

பரமசிவம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து, கடை மேனேஜர் காதர் மைதீனைக் கூப்பிட்டார்.

"காதர், ஸ்டோர்ல நம்ம ஹெல்மெட் எவ்வளவு கிடக்கு?"

எண்ணூறு இருக்கும் என்றார் காதர்.

"இன்னியிலேருந்து ஒண்ணுகூட விக்கக் கூடாது. எவன் கேட்டாலும் சரி. எல்லாத்தையும் இறக்கிக் கட்டு."

நிவேதிதாவுக்கு, இந்த மனிதரையா மூன்று வாரமாக மனசுக்குள் திட்டித் தீர்த்தோம் என்றிருந்தது. அவர் அறக்கட்டளைக் கடிதத்தை எடுத்து, ஆறு மாதத்துக்கும் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். பேரம் எதுவும் இல்லை.

"பேரெல்லாம் வேணாம்மா. 'சி'யாவே இருந்துட்டுப் போகட்டும். நல்லாப் படி."

"ரொம்ப நன்றி சார்." உண்மையாகவே சொன்னாள். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்.

பின்னால் காதர் கேட்பது காதில் விழுந்தது. கட்டி வைத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"கொட்டுறதா? நல்ல கதையா இருக்கே. காசு போட்டு வாங்கின சரக்கு லா. துவாஸ் டார்மிட்டரில கட்டட வேலை பாக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைங்க தங்கியிருக்கானுங்க, நன்கொடையாக் கொடுத்துடலாம். ஞாயித்துக்கிழமை நானே போய் ஆளுக்கு ஒண்ணாத் தலையில மாட்டி விடறேன். போட்டோக்காரனுக்கு இப்பவே சொல்லி வை."

நிவேதிதா அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்தாள். பையிலிருந்த கடிதத்தை எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"என்னம்மா, எதையாவது விட்டுட்டியா?"

"ஆமா சார். பேரை விட்டுட்டேன்," என்றவள், அறிக்கையில் சி என்று இருந்த முப்பத்தொரு இடத்திலும் அவருடைய கம்பெனி பெயரைத் தட்ட ஆரம்பித்தாள்.