ஒரு பந்து பின்னால்

"மேட்ச் முடிஞ்சதும் கழட்டிக்குங்கண்ணே," என்றேன்.

கேபிள்காரர் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். இன்னும் இரண்டு ஓவர் இருந்தது.

தெருவிலேயே கடைசி இணைப்பு எங்களுடையதுதான். மற்ற வீடுகளின் செட்டாப் பாக்ஸ்களைச் சாக்கில் கட்டி வண்டியில் போட்டுவிட்டு வந்திருந்தார். இன்று மாலையோடு சிக்னலை நிறுத்துகிறார்கள். நாளையிலிருந்து அவரும் இன்டர்நெட் கொடுக்கிறவர்தான்.

"எல்லாரும் எப்பவோ மாத்திட்டாங்க தம்பி. நீங்க ஒருத்தர்தான் பிடிவாதமா நிக்கறீங்க. டீவியிலயே ஆப் போட்டுத் தரேன், எல்லாம் அதுலயே வரும்."

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அவரே திரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அப்பெல்லாம் மேட்ச் அன்னிக்கு ஒயர் அறுந்துச்சுன்னா என் வீட்டு வாசல்ல கூட்டம் நிக்கும். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பேர் வரல."

உண்மைதான். அப்போதெல்லாம் விக்கெட் விழுந்தால் தெரு மொத்தமும் ஒரே குரலில் கத்தும். எந்தச் சத்தம் எந்த வீட்டுடையது என்று பிரிக்க முடியாது. விளம்பரம் போட்டால் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் குழாய் திறக்கும். டீவி இல்லாதவன்கூடத் தெருவில் நடந்துகொண்டே ஸ்கோரைத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது எல்லாம் போனில். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நேரத்தில் விக்கெட் விழுகிறது.

எங்கள் வீட்டில் இது கல்யாணமான புதிதிலேயே தொடங்கிவிட்டது. நான் ஹாலில், கேபிளில். அவள் உள்ளறைக் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணையில் போனைச் சாய்த்துவைத்துப் பார்ப்பாள். என்னோடு உட்கார்ந்து பார்க்க முடியாதாம். நான் நடுவருக்கே பாடம் எடுக்கிறேனாம்.

போனில் எப்போதும் ஒரு பந்து தாமதமாகத்தான் வரும். இங்கே நான் கத்தினால் அங்கே அவளுடைய ஆட்டம் கெட்டுவிடும்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? எனக்கு இன்னும் வரல!"

ஒரு முறை தலையணையே பறந்து வந்தது. அதிலிருந்து பழகிக்கொண்டேன். விக்கெட் விழுந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பேன். அடுத்த ஆள் மட்டையைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வருவான். அப்போது அறையிலிருந்து அவள் கத்துவாள். அதற்குப் பிறகுதான் நான்.

ஆட்டத்திலேயே எனக்குப் பிடித்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். நடந்தது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நடுவில் ஒரு கதவு.

பாக்ஸ் போய்விட்டால் ஹாலிலும் அதே ஆப்தான். அப்புறம் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கேபிள்காரருக்கும் அவளுக்கும் இதில் தீராத சண்டை. அவர் தலை தெரிந்தாலே போனைத் தூக்கிக் காட்டுவாள்.

"உங்க ஒயர் இல்லாமலே பாக்கறேன், பாத்தீங்களாண்ணே?"

"பாரும்மா, நல்லாப் பாரு. நான் சுடச்சுடப் போடறேன், நீ ஆறிப்போனதைச் சாப்பிடறே."

கடைசிப் பந்து வந்தது. எதிரணிக்கு இரண்டு ரன் போதும். பந்து வீசுகிறவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

நடு ஸ்டம்ப் பறந்தது.

"தூக்கிட்டான்ய்யா..." கேபிள்காரர் துள்ளி எழுந்தார்.

"கத்தாதீங்க!" உள்ளறைக் கதவைக் காட்டினேன். "அவளுக்கு இன்னும் வரல."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அவர் தூக்கிய கையோடு நின்றார். என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு கையை இறக்கி, சோபா சத்தம் போடாதபடி மெதுவாக உட்கார்ந்தார். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் டீவியின் சத்தத்தைக் குறைத்தேன். திரையில் ஆட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். வெளியே தெரு அமைதியாக இருந்தது. நாம் ஜெயித்தது அந்தத் தெருவில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் மாடிவீட்டில் கத்தினார்கள். அப்புறம் எதிர்வீட்டில். தெருக்கோடியில் யாரோ விசில் அடித்தார்கள். ஒவ்வொரு வீடாகச் சேர்ந்து, தெரு முழுக்க நிறைந்து, பிறகு அடங்கவும் தொடங்கியது.

உள்ளறையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

போன மழைக்காலத்தில், அவளை எடுத்துப்போன அன்று, வாசலில் நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட்டவர் இதே கேபிள்காரர்தான். வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று என்னிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அவர் இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் கடைசிச் சத்தமும் ஓய்ந்தது. அதற்கு மேலும் கொஞ்சம் பொறுத்துவிட்டு என் முழங்காலில் கை வைத்தார்.

"இப்ப வந்திருக்கும், தம்பி."

அப்போதுதான் கத்தினேன்.

அவர் எழுந்துபோய், எனக்கு முதுகைக் காட்டி, டீவிக்குப் பின்னால் குனிந்து ஒயரைக் கழற்றத் தொடங்கினார். ஒரு நிமிட வேலை அது. நான் ஓயும் வரை கழற்றிக்கொண்டே இருந்தார்.