டயர் கம்பெனி ஸ்டிக்கர்

மலைப்பாதை டீக்கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. உடம்பெல்லாம் ஸ்டிக்கர். சுவர் போஸ்டர் தின்றே வளர்ந்த ஆடு ஒன்று கிட்டே வந்து முகர்ந்தது.

"இத்தனை போஸ்டரா! யார் ஒட்டினது?"

"கம்பெனிக்காரங்க. இது டயர் கொடுத்தவங்க, அது ஆயில் கொடுத்தவங்க. என் ஓனர் எட்வின் போற இடமெல்லாம் என்னைப் படம் பிடிச்சு இன்டர்நெட்டுல எழுதுவார். அதனாலதான் இமயமலை வரைக்கும் போற செலவை அவங்க ஏத்துக்கிட்டாங்க."

"ஒட்டினா போகணுமா?"

"போய்த்தான் ஆகணும்."

"உனக்குப் போகப் பிடிச்சிருக்கா?"

வண்டி யோசித்தது. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

அதற்குள் ஆடு டயர் கம்பெனி ஸ்டிக்கரை உரித்து மென்றுகொண்டிருந்தது.

"ஐயோ, அது போனா பயணமே போச்சு!" என்று வண்டி அலறியது.

வெளியே வந்த எட்வின் திட்டவில்லை. மெல்லுகிற ஆட்டைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டான். இன்னொரு டீ குடித்து முடிப்பதற்குள் ஊரே பார்த்துச் சிரித்தது. டயர் கம்பெனியே போன் போட்டுப் பாராட்டியது.

எட்வின் பையிலிருந்து புது ஸ்டிக்கர் இரண்டை எடுத்தான். ஒன்றை வண்டியில் ஒட்டினான். இன்னொன்றை ஆட்டின் விலாவில் ஒட்டினான்.

ஆடு கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தது. பிறகு வண்டியிடம் மெதுவாகக் கேட்டது:

"இப்போ நான் எங்கே போகணும்?"