கதவிடுக்கில் ஒரு கியர்

"என் தம்பி உள்ள மாட்டிக்கிட்டு நிக்கறான், உங்களுக்கு கியர் கேக்குதா?"

"உன் தம்பிதான் உள்ளேருந்து கதவத் தள்ளறேன்னான்!"

பொம்மைப் படகுக்காக, பழைய பிரிண்டர் மோட்டாரின் தண்டில் இறுகிப்போன பித்தளை கியரைக் கழற்ற, குளியலறைக் கதவின் கீல் இடுக்கில் அதைக் கவ்வக் கொடுத்திருக்கிறார் கணவர். கியரும் அசையவில்லை, கதவும் அசையவில்லை. மோட்டார் மட்டும் பல்லிபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே குழாய் சொட்டுகிறது. இரண்டு விரல் இடைவெளியில் மச்சினனின் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிகின்றன. அவன் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். மனைவி சுத்தியலை நீட்டுகிறாள். அவர் ஓங்குகிறார்.

"மாமா, மெதுவா! கியருக்கு அடி பட்டுடப் போகுது," என்கிறது பாதி மீசை.

சுத்தியல் அடிக்காமலே கீழே இறங்கிவிடுகிறது. மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். கியர் சேதமாகாமல் கழற்றத் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் தயவுசெய்து பதில் போடுங்கள். ரயில் கிளம்புவதற்குள் பதில் வந்தால் மச்சினனுக்கும் உதவும்.