முழு மரக் கிடார்

"என்னடி மீன் நாத்தம், குடலைப் புரட்டுது!" பாடகர் குழுவில் டெய்சி மூக்கைப் பொத்தினாள்.

கடலிலிருந்து திரும்பிய கைலியோடு, மகளின் புதுக் கிடாரைச் சுமந்துவந்த சூசை கோயில் வாசலில் நின்றார். குழுவில் நின்ற அவர் மகள் ஜெசிந்தாவுக்கு மானமே போயிற்று.

"வெளியில போங்கப்பா."

"ஒரு பாட்டு கேட்டுட்டுப் போறேனே..."

"போங்கன்னா!"

கிடாரை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் போனார். நாற்றம் போகவில்லை.

கைக்குழந்தை மாதிரி மடியில் அடங்கும் அந்தச் சின்னக் கிடாரை உறையிலிருந்து எடுத்தாள். விரல் வழுக்கியது.

ஜன்னலுக்கு வெளியே அப்பா கூட்டாளியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்:

"ஒட்டுப்பலகை இல்லடா, முழு மரம்! உப்புக்காத்துல வெடிச்சிரக் கூடாதுல்ல? அதான் வள்ளத்துக்குப் பூசுற மீன் எண்ணெயை நேத்தே ரெண்டு தரம் பூசிட்டேன்."

"இன்னும் யாருகிட்டடி நாறுது?" என்றாள் டெய்சி.

"எங்கிட்டதான்" என்றாள் ஜெசிந்தா, தலை நிமிராமல்.