இரண்டாவது இலை

மாட்டுப்பொங்கலன்று செவலைப் பசு முதல் வீட்டுப் பொங்கலைத் தின்றுவிட்டு, படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டார் இன்னோர் இலை நிறையப் பொங்கலைக் கொண்டுவந்து வாயருகே நீட்டினார்கள். பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பெரிய மகாராணி! சாமியா நினைச்சுப் படைக்கிறாங்க. தின்னா என்னக்கா?" என்றது பக்கத்தில் கட்டியிருந்த ஆடு.

படையலை மறுக்கப் பசுவுக்கும் தயக்கம்தான். ஆனால் போன வருஷம் இதே தொழுவத்தில் நின்ற மயிலைக்காளை மூன்று வீட்டுப் பொங்கலையும் மறுக்காமல் தின்றது. அது வயிறு உப்பிச் செத்தபோது கழுத்து மாலைகூட வாடவில்லை.

"சாமி வேஷம் இன்னைக்கு ஒருநாள்தான்டா. வயிறு என்னைக்கும் மாட்டு வயிறுதான். முதல்ல தின்னதே இன்னும் செரிக்கல."

இலை மறுபடி வாயருகே வந்தது. பசு எழுந்து அதைக் கொம்பால் தள்ளிவிட்டது. பிறகு படுத்து, விட்ட இடத்திலிருந்து அசைபோடத் தொடங்கியது.